சிறு நகரங்களுக்கு விமானம்: கனவும் கணக்கும்

சேலம் மாநகரத்து மக்கள் தம் ஊரில் விமானப் போக்குவரத்து தொடங்கப்படுவதை ஒரு முறையன்று, நான்கு முறை கண்டிருக்கின்றனர். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் விமான நிலையம் எழுந்த பின், 1990களில் என்.இ.பி.சி. நிறுவனத்தின் விமானங்கள் வந்தன. சில காலத்தில் நின்றன. 2009ஆம் ஆண்டில் கிங்ஃபிஷர் நிறுவனம் வந்தது, 2011இல் போயிற்று. 2018 மார்ச் 25ஆம் நாள் ட்ரூஜெட் என்ற நிறுவனம் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே பறக்கத் தொடங்கியது. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ ஆகிய இரு நிறுவனங்கள் மீண்டும் சேவையைத் தொடங்கின. ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் மகிழ்ச்சி இருந்தது; நாளேடுகளில் படம் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலோ 1,806 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை வெயில் காய்ந்து கிடந்தது.

இனித் தூத்துக்குடியைப் பார்ப்போம். வாகைக்குளத்தில் உள்ள அந்நிலையத்தின் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர்தான், சேலத்தினும் சிறியது. நகரமும் சேலத்தைவிடச் சிறிய நகரமே. ஆயினும் 2006இல் ஏர் டெக்கான் வந்ததிலிருந்து, கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ என்று நிறுவனங்களின் பெயர்கள் மாறினவேயன்றி, இடையிடையே தடங்கல்கள் நேர்ந்தும் அந்நகரின் விமானத் தொடர்பு அற்றுப்போகவில்லை. அது வளரவே செய்தது. 2025 ஜூலை 26ஆம் நாள், ஏறத்தாழ 450 கோடி ரூபாய்ச் செலவில் புதிய முனையம் அங்குத் திறந்துவைக்கப்பட்டது. பெரிய விமானங்களும் இறங்கும்படி ஓடுபாதை ஏறத்தாழ 3,000 மீட்டராக நீட்டப்பட்டுள்ளது.

பெரிய நகரம், நீண்ட ஓடுபாதை; ஆயினும் விமானம் நிலைக்கவில்லை. சிறிய நகரம், குறுகிய ஓடுபாதை; ஆயினும் நிலைத்தது. இந்தப் புதிரை அவிழ்த்துப் பார்த்தால், சிறு நகரங்களுக்கு விமானம் விடும் தொழிலின் உள்ளமைப்பு முழுவதும் நமக்கு விளங்கிவிடும். தங்கள் ஊருக்கும் விமான நிலையம் வேண்டுமென்று மனுக் கொடுக்கும் ஊர்கள் இன்று பெருகிவருவதால், இதனைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வது வாசகர்களுக்குப் பயன் தரும்.

முதலில் வாகனத்தைப் பற்றி. சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் ஏர்பஸ் 320 வகை விமானத்தில் ஏறத்தாழ 180 பேர் அமரலாம். அதைச் சேலத்துக்கு அனுப்பினால் பாதிக்கு மேல் காலியாக வரும். எனவே சிறு நகரங்களுக்கென்றே பயன்படுவது ஏ.டி.ஆர். என்னும் விமானம். பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில், பிரெஞ்சு இத்தாலியக் கூட்டு நிறுவனமொன்று இதனை உருவாக்குகின்றது. எழுபது முதல் எழுபத்தெட்டுப் பேர் வரை இதில் பயணம் செய்யலாம். இறக்கைகள் உடலின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு சுழல்விசிறி உண்டு. இதனைக் கண்டு, பழங்காலத்து விமானமோ என்று அஞ்சுவோர் உளர். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஜெட் விமானத்தில் உள்ளது போன்ற சுழலி இயந்திரமே இதனுள்ளும் இருக்கின்றது. அதன் ஆற்றல் விசிறியைச் சுழற்றுவதற்குப் பயன்படுகின்றது, அவ்வளவே.

விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்; ஜெட் 800 கிலோமீட்டரையும் தாண்டும். ஆனால் 300 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்த வேறுபாடு சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும். ஜெட் விமானம் உயர ஏறுவதற்கே பெரும் எரிபொருளைச் செலவிடுகின்றது. மிக உயரத்தில் நெடுந்தூரம் பறந்தால்தான் அந்தச் செலவை மிச்சப்படுத்த இயலும். சேலம் போன்ற ஊருக்கோ, ஏறி முடிக்குமுன்பே இறங்கத் தொடங்க வேண்டும். விசிறி விமானம் தாழ்ந்தே பறக்கும், குறைந்த எரிபொருளைக் குடிக்கும், குறுகிய ஓடுபாதையிலும் இறங்கும். இவற்றோடு அரசின் சலுகை ஒன்றும் சேர்ந்தது. 80 இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்கு இறங்கு கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானத்தில் 78 இருக்கைகள் உள்ளன என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால் பொருள் விளங்கும்.

இத்தனை சிக்கனம் இருந்தும் கணக்கு ஏன் இடிக்கின்றது? ஓர் எளிய பெருக்கலைச் செய்து பார்ப்போம். ஒருவருக்கு 2,500 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், எழுபது இருக்கைகளும் நிரம்பினால் கிடைப்பது 1,75,000 ரூபாய். பாதி நிரம்பினால் 87,500. இதிலிருந்து எரிபொருள், விமானிகளின் ஊதியம், பணிப்பெண்களின் ஊதியம், பழுதுபார்ப்பு, காப்பீடு, நிலையக் கட்டணங்கள் ஆகிய அனைத்தையும் கழிக்க வேண்டும். நம் நாட்டு நிறுவனங்களின் விமானங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுக்கப்பட்டவை. அந்த வாடகை டாலரில் செலுத்தப்படுவது. ரூபாயின் மதிப்புச் சரிந்தால் வாடகை தானே ஏறும். இவற்றுள் பெரும்பாலான செலவுகள், விமானம் நிரம்பினாலும் காலியாகப் போனாலும் மாறுவதில்லை. நான்கு பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் பேருந்துக்கு டீசல் ஊற்றத்தானே வேண்டும்?

மற்றொரு செலவு பயணியின் கண்ணுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம் வந்து செல்லும் நிலையத்திலும் தீயணைப்பு வண்டியும் அதன் ஆட்களும் ஆயத்தமாக நிற்க வேண்டும்; பாதுகாவலர் வேண்டும்; வான்வழிக் கட்டுப்பாட்டாளர் வேண்டும்; வானிலை அறிவிப்போர் வேண்டும். ஒருமணி நேர வேலைக்கு நாள் முழுவதும் ஆட்கள் காத்திருக்கின்றனர். இறங்குவதற்குத் துணை செய்யும் கருவிகள் இல்லாத நிலையத்திலோ, விமானி தன் கண்ணை நம்பியே இறங்க வேண்டும். அதற்கு 5 கிலோமீட்டர் தொலைவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விதி. மார்கழிப் பனியும் ஐப்பசி மழையும் வரும்போது இந்த விதி விமானத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு முறை அவ்வாறு திரும்பிப்போன பயணி, மூன்றாம் முறை தொடர்வண்டிக்கே பயணச்சீட்டு வாங்குவார்.

இங்குதான் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கருத்தில், கட்டணத்தைவிட முக்கியமானது இதுவே. விமானம் தரையில் நிற்கும்போது ஒரு காசும் சம்பாதிப்பதில்லை. ஆகவே நிறுவனத்தார் ஒரே விமானத்தைக் காலை முதல் இரவு வரை ஊர் ஊராக ஓட்டுகின்றனர். தலைநகரிலிருந்து ஓர் ஊருக்குச் சென்று, அரைமணி நேரத்தில் திரும்பி, மற்றோர் ஊருக்குச் சென்று மீள்கின்றது. பெரு நகர நிலையங்களில் விடியற்காலை நேரத்துக்குப் பெரும் போட்டி. அந்த நேரம் பெரிய விமானங்களுக்கே போய்விடுகின்றது. சிறு நகருக்குச் செல்லும் சிறிய விமானத்துக்கு எஞ்சுவது நண்பகல். நீதிமன்றத்துக்கோ, மருத்துவரிடமோ, கடல்கடந்து செல்லும் விமானத்தைப் பிடிக்கவோ சென்னைக்குச் செல்பவருக்கு, பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் ஒரே விமானம் என்ன உதவி செய்யும்? காலையில் சென்று வேலையை முடித்து மாலையில் வீடு திரும்ப முடிந்தால்தான் அது அவருக்குச் சேவை. ஒருவேளை மட்டும் வரும் விமானம், வாரச் சந்தையைப் போன்றது. அந்த நாளுக்கு நம் தேவை ஒத்துவந்தால் போகலாம், இல்லையேல் இல்லை.

இப்பொழுது நம் புதிருக்கு விடை காண்பது எளிது. சேலத்துக்கும் சென்னைக்கும் சாலை வழித் தொலைவு ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இரவில் ஏற்காடு விரைவு வண்டியில் ஏறிப் படுத்தால் விடியலில் சென்னை. 2023 ஏப்ரல் முதல் சென்னை கோவை வந்தே பாரத் வண்டி இவ்வூரை நான்கு மணி நேரத்துக்குள் இணைத்துவிட்டது. விமானப் பயணி வீட்டிலிருந்து காமலாபுரம் செல்லவும், சோதனைக்குக் காத்திருக்கவும், மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் நுழையவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், அவர் மிச்சப்படுத்துவது மிகச் சொற்பம். போதாக்குறைக்குக் கோவை, திருச்சி, பெங்களூர் ஆகிய பெரிய நிலையங்கள் மூன்றும் சில மணி நேரச் சாலைப் பயணத்துக்குள்ளேயே அமைந்துள்ளன.

தூத்துக்குடியின் நிலை வேறு. சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். முத்துநகர் விரைவு வண்டி இரவு முழுவதும் ஓடி, ஏறத்தாழ பதினொரு மணி நேரத்தில் சேர்க்கின்றது. விமானமோ ஒன்றரை மணி நேரத்தில். துறைமுகமும், உப்பும், ஏற்றுமதி இறக்குமதியும் நாள்தோறும் பயணம் செய்யும் வணிகரை அவ்வூருக்குத் தந்திருக்கின்றன. நெல்லையும் திருச்செந்தூரும் அருகிருக்கின்றன. ஓடுபாதையின் நீளத்தையும் நகரின் பெருமையையும்விட, தொடர்வண்டியில் செல்லும் நேரமும், வாரந்தோறும் தவறாமல் பயணம் செய்வோரின் எண்ணிக்கையுமே விமானத்தின் ஆயுளை நிர்ணயிக்கின்றன. ட்ரூஜெட் நின்றதற்குக் கொரோனாப் பெருந்தொற்றும் அந்நிறுவனத்தின் சொந்த இடர்ப்பாடுகளும் காரணங்களே. கிங்ஃபிஷரும் தன் கடன் சுமையால் 2012இல் முழுவதுமே முடங்கிப்போயிற்று. ஆனால் தூத்துக்குடியில் ஒரு நிறுவனம் விழுந்தபோது மற்றொன்று வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சேலத்தில் அந்த இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகவே இருந்தது.

இந்தக் குறையை அரசு அறியாமல் இல்லை. 1981இலேயே வாயுதூத் என்ற அரசு நிறுவனம், வடகிழக்கு மாநிலங்களுக்குச் சேவை செய்ய வேண்டித் தொடங்கப்பட்டது. 19 பேர் அமரும் டோர்னியர் விமானங்களையும் அது இயக்கியது. நட்டத்தில் மூழ்கி 1993இல் இந்தியன் ஏர்லைன்சுடன் இணைக்கப்பட்டது. 2003இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான், சிறு நகரங்களையும் எளிய மக்களையும் வானில் ஏற்றிக் காட்டியது. அவரது வாழ்க்கையைத் தழுவியே 2020இல் ‘சூரரைப் போற்று’ திரைப்படம் வெளிவந்தது. அந்நிறுவனமும் சில ஆண்டுகளில் கிங்ஃபிஷருக்குக் கைமாறிப் பெயர் மறைந்தது. திரைப்படம் அந்தப் பிற்பகுதிக் கதையைச் சொல்வதில்லை.

பின்னர் 2016 அக்டோபரில் ‘உடான்’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 27ஆம் நாள் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு அதன் முதல் விமானம் புறப்பட்டது. ரப்பர்ச் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் ஏற வேண்டும் என்று பிரதமர் அன்று கூறியது பலருக்கும் நினைவிருக்கும். திட்டத்தின் அமைப்பு இதுவே: ஒருமணி நேரப் பயணத்துக்கு, பாதி இருக்கைகளைத் தொடக்கத்தில் 2,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் விற்க வேண்டும். அதனால் நிறுவனத்துக்கு நேரும் குறையை மூன்றாண்டுகள் வரை அரசு ஈடுசெய்யும். பெரும்பாலான மாநிலங்களில் அந்த ஈட்டில் ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசின் பொறுப்பு. எரிபொருள் மீதான மாநில வரியும் குறைக்கப்படும். அந்த மூன்றாண்டுகளில் வேறு நிறுவனம் அதே தடத்தில் போட்டிக்கு வர இயலாது. இந்த நிதிக்காகப் பெருநகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்கள் மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. அதாவது டெல்லிக்குப் பறப்பவர் சேலத்துக்குப் பறப்பவருக்குக் கைகொடுக்கின்றார்.

எண்ணம் நல்ல எண்ணமே. விளைவு என்ன? முதற்சுற்றில் 2017இல் 128 தடங்கள் ஐந்து நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதியைப் பெற்ற இரு சிறு நிறுவனங்கள், போதிய விமானங்களும் விமானிகளும் இன்றித் தடுமாறி, பின்னர் தடங்களை இழந்தன. 2023இல் வெளிவந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை முழுக்கணக்கையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. மூன்றாம் சுற்று வரை வழங்கப்பட்ட 774 தடங்களுள் 403 தடங்களில் விமானம் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல், சலுகைக் காலமாகிய மூன்றாண்டுகளை முழுமையாக ஓடி முடித்தவை 112. சலுகை முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை நீடித்தவை 54. நூறு தடங்களில் ஏழு என்று கொள்ளலாம்.

இந்த ஏழைக் கண்டு திட்டம் முழுவதும் வீண் என்று முடிவுகட்டுவது நியாயமன்று. பீகார் மாநிலத்துத் தர்பங்காவில் 2020 நவம்பர் 8ஆம் நாள் விமானம் தொடங்கியபோது, பெரிய போயிங் விமானங்களே அங்கு வந்தன, அவையும் நிரம்பின. மிதிலைப் பகுதியிலிருந்து டெல்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கச் சென்ற லட்சக்கணக்கானோர் உள்ளனர். ஊர் திரும்ப அவர்கள் ஒன்றிரண்டு நாள்கள் தொடர்வண்டியில் நெரிசலில் கிடக்க வேண்டியிருந்தது. அங்கே தேவை முன்னரே இருந்தது. விமானம் பின்னர் வந்தது. சிம்லாவில் நேர்மாறு. மலையுச்சியைச் சமன் செய்து அமைத்த ஓடுபாதை 1,230 மீட்டரே ஆதலால், விமானம் பாதிப் பாரத்தோடு எழும்ப வேண்டிய நிலை. நிரம்பிப் பறக்க முடியாத விமானத்தை எத்தனை மானியம் தாங்கும்?

நம் பக்கத்திலும் பொருத்தமான எடுத்துக்காட்டுகள் உண்டு. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே 150 கிலோமீட்டர். அங்கே விமானம் விடுவது பொருளற்றது. ஆதலால் புதுச்சேரியிலிருந்து 2017இல் ஐதராபாத்துக்கும், பின்னர் 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் சேவை தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பலாலி நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் சென்றது. பெருந்தொற்றில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. குறுக்கே கடல். முன்பெல்லாம் சென்னையிலிருந்து கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலையில் யாழ்ப்பாணம் சென்றனர்; இறப்புக்கும் திருமணத்துக்கும் உறவினர் ஓடிவர வேண்டிய அந்தக் குடும்பங்களுக்கு, எழுபது பேர் அமரும் விமானம் எத்தகைய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சேலத்துக்கும் இந்த வழியே ஏற்றது என்று 2023இல் வந்த நிறுவனங்கள் உணர்ந்தன போலும். சென்னையை மட்டும் நம்பாமல், பெங்களூர், ஐதராபாத், கொச்சி ஆகிய ஊர்களையும் இணைத்தே அவை தொடங்கின. சேலத்திலிருந்து ஐதராபாத்துக்கோ கொச்சிக்கோ ஒருமணி சற்று மிகுந்த பயணம் என்பது தொடர்வண்டியோடு உண்மையாகவே போட்டியிடக்கூடியது.

ஆனால் விமானம் வராத ஆண்டுகளின் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது. நிறுவனம் தன் விமானத்தை ஓர் இரவில் வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம்; சக்கரம் உள்ள மூலதனம் அது. ஓடுபாதைக்குச் சக்கரம் இல்லை. காமலாபுரம் நிலையத்தை விரிவுபடுத்த ஏறத்தாழ 570 ஏக்கர் நிலம் தேவை என்று அளக்க வந்தபோது, 2018இல் அப்பகுதி உழவர்கள் எதிர்த்து நின்றனர். விளையும் நிலத்தை, நின்று நின்று ஓடும் சேவைக்காக எப்படிக் கொடுப்பது என்ற அவர்களின் ஐயத்தை, வளர்ச்சிக்குத் தடை என்று ஒதுக்கிவிட இயலாது. இரண்டு முறை நின்ற வரலாறு அவர்கள் கண் முன்னே இருந்தது. அதே வேளையில், அவசர சிகிச்சைக்காகவும் வேலைக்கான நேர்காணலுக்காகவும் விமானத்தை நம்பிய சேலத்துக் குடும்பங்களின் ஏமாற்றமும் உண்மையே. இரு தரப்பினரும் கேட்பது ஒன்றுதான்: வரும் விமானம் நிலைத்திருக்குமா?

மூன்றாண்டு மானியம் என்ற அளவுகோலே குறுகியது என்பது என் எண்ணம். ஓர் ஊர் மக்கள் தங்கள் பயணப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவும், வணிகர் நம்பிக்கை கொள்ளவும் அதற்குமேல் காலம் வேண்டும். ஆனால் காலத்தை நீட்டுமுன், நாளுக்கு இருவேளை, காலையும் மாலையும் பறக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதிப்பதே முறை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், திருத்தப்பட்ட உடான் வழியே பத்தாண்டுகளில் 120 புதிய இடங்கள் இணைக்கப்படும் என்று நடுவண் அரசு அறிவித்தது. இடங்களின் எண்ணிக்கையை அறிவிப்பது எளிது. வேளைகளின் எண்ணிக்கையை யாரும் அறிவிப்பதில்லை.

அந்தப் பட்டியலில் இடம்பெறக் காத்திருக்கும் ஊர்களுக்குச் சேலத்தின் வரலாறே பாடநூல். வேலூரை எடுத்துக்கொள்வோம். அப்துல்லாபுரத்தில் உள்ள பழைய ஓடுபாதை ஏறத்தாழ 850 மீட்டர்தான். உடான் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டு, 19 பேர் அமரும் விமானங்களுக்கென முனையம் கட்டப்பட்டது. சென்னையோ 140 கிலோமீட்டர்; காட்பாடியிலிருந்து இரண்டு மணி நேரத் தொடர்வண்டிப் பயணம். வேலூருக்கு விமானம் உண்மையாகவே தேவைப்படுவோர் சென்னைவாசிகள் அல்லர். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வரும் நோயாளிகளே அவர்கள். கொல்கத்தாவிலிருந்து ஒரே மூச்சில் பறந்து வரக்கூடிய விமானம் 850 மீட்டரில் இறங்காது. 850 மீட்டரில் இறங்கும் விமானம் அத்தனை தொலைவிலிருந்து வராது. நோயாளியைக் கையில் தாங்கிய குடும்பங்கள் ஹவுராவில் ஏறி, ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து, காட்பாடிச் சந்திப்பில்தான் இறங்குகின்றன.